லேசர் வரட்டும்... முதல்ல காறை போகட்டும்!

ஒரு சின்ன டெஸ்ட். நாளைக்குக் காலையில பல் தேய்ச்சுட்டுத் துப்பும்போது நுரையோட கலரைப் பாருங்க. வெள்ளையா இருந்தா சந்தோஷம், அடுத்த பக்கத்துக்குப் போயிடலாம். லேசா ரோஸ் கலர்ல இருந்தா, ப்ளீஸ், இதை முழுசா படிச்சுட்டுப் போங்க. ஏன்னா, எங்க வீட்டுல அந்த ரோஸ் கலரை ஆறேழு வருஷமா யாருமே கண்டுக்கலை.

எங்க ஊர் திருப்பூர், 15 வேலம்பாளையம். 'முன்னாடி இருக்கிற 15 என்ன, பஸ் நம்பரா?'னு கேட்காத ஆளே காலேஜ்ல கிடையாது. ஊர் பேரே அதுதான் பாஸ்! ஒரு காலத்துல தனி நகராட்சியா இருந்தது, 2011-ல திருப்பூர் மாநகராட்சியோட சேர்ந்துடுச்சு. அந்தப் பக்கம் அனுப்பர்பாளையம் போனா பாத்திரப் பட்டறை சத்தம். இந்தப் பக்கம் வந்தா பனியன் கம்பெனி சத்தம். அப்பா கட்டிங் மாஸ்டர். அம்மா செக்கிங். நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம்.

செக்கிங்னா தெரியும்தானே? தைச்சு வர்ற பீஸை விரிச்சு, ஓட்டை இருக்கா, கறை இருக்கா, தையல் விட்டிருக்கான்னு பார்க்கணும். நூல் பிசிறு நீட்டிக்கிட்டு இருந்தா வெட்டணும். டிரிம்மர் கையில இருக்கும். ஆனா, சனிக்கிழமை சம்பளத்துக்கு முன்னாடி ஆர்டர் முடிக்கிற அவசரத்துல, அம்மா அதைத் தேடிக்கிட்டு இருக்க மாட்டாங்க. பல்லாலயே ஒரு கடி... பிசிறு போயிடும்.

இந்தப் பொங்கலுக்கு வாசல்ல உட்கார்ந்து எல்லாரும் கரும்பு கடிச்சுக்கிட்டு இருந்தோம். அம்மா மட்டும் கையில வாங்கின கரும்பை அப்படியே என்கிட்ட நீட்டினாங்க.

"நீ சாப்புடு கண்ணு. எனக்குப் பல்லு ஒரு மாதிரி ஆடுது."

அம்மாவுக்கு வயசு 45.

முப்பதாயிரம் ரூபாய் லேசர்!

மறுநாளே ஒரு பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஏ.சி. ரூம், டி.வி.யில லேசர் வீடியோ. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, தையல் இல்லைனு ஒவ்வொண்ணா ஓடுது. உள்ளே ரெண்டு நிமிஷம் பார்த்தாங்க. "ஈறு நோய் முத்திப்போச்சு. லேசர் பண்ணிட்டா சரியாயிடும். முப்பதாயிரம் ஆகும். இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா டிஸ்கவுன்ட் இருக்கு"ன்னு சொன்னாங்க.

அம்மா என் முகத்தைப் பார்த்தாங்க. அது எங்க வீட்டுல என் செமஸ்டர் ஃபீஸுக்கு எடுத்து வெச்சிருந்த பணம். "பல்லு போனா போகட்டும், கட்டிக்கலாம். நீ ஃபீஸைக் கட்டு"ன்னு சொல்லிட்டு எழுந்துட்டாங்க.

எனக்கு ரெண்டு கோபம். ஒண்ணு, அம்மா மேல. இன்னொண்ணு, என் மேல. லேசரைப் பத்தி எக்ஸாம்ல பதினாறு மார்க் கேள்விக்கு ஆன்ஸர் எழுதினவன் நான். அது ஈறுக்குள்ள போய் என்ன பண்ணும்னு கேட்டா, ஒரு வரி தெரியலை. அதனாலதான் தேட ஆரம்பிச்சேன். தேடினதுல கிடைச்சதைத்தான் உங்களுக்குச் சொல்றேன்.

பல்லு ஆடுதுன்னா என்ன அர்த்தம்?

முதல்ல வில்லனைப் பார்த்துடலாம். சாப்பிட்ட பிறகு பல் மேல வழவழன்னு ஒரு படலம் பிடிக்கும். அது வெறும் சாப்பாட்டு மிச்சம் இல்லை, பாக்டீரியாக்களோட குடியிருப்பு. தினமும் தேய்ச்சா போயிடும். தேய்க்காம விட்ட இடத்துல எச்சில்ல இருக்கிற உப்புச்சத்து படிஞ்சு, கல்லு மாதிரி கெட்டியாயிடும். இதுதான் காறை. தண்ணி கொதிக்க வைக்கிற பாத்திரத்துல உப்பு படியும் பாருங்க, கிட்டத்தட்ட அதே கதை. காறை ஆயிட்டா, பிரஷ்ஷால அசைக்க முடியாது.

பாக்டீரியாவை விரட்ட உடம்பு ஈறுக்கு ரத்தத்தை அதிகமா அனுப்பும். ஈறு சிவந்து வீங்கும். பிரஷ் பட்டா ரத்தம் வரும். இது முதல் ஸ்டேஜ். இங்கேயே முழிச்சுக்கிட்டா முழுசா சரியாயிடும். இதுக்கு ஒரு சூப்பர் ஆதாரம் இருக்கு. 1965-ல டென்மார்க்ல ஹெரால்ட் லோ என்ற பல் மருத்துவப் பேராசிரியரும் அவரோட குழுவும் ஒரு சோதனை பண்ணினாங்க. ஆரோக்கியமான ஈறு இருக்கிற 12 பேரை (பெரும்பாலும் நம்மளை மாதிரி ஸ்டூடன்ட்ஸ்தான்!) பல் தேய்க்கிறதை நிறுத்தச் சொன்னாங்க. 10 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிடுச்சு. திரும்பத் தேய்க்க ஆரம்பிச்சதும், ஒரு வாரம் பத்து நாள்ல பழையபடி ஆயிடுச்சு.

கண்டுக்காம விட்டா? ஈறு பல்லை விட்டு விலகி, நடுவுல ஒரு பை மாதிரி பள்ளம் விழும். பாக்டீரியா அதுக்குள்ள இறங்கும். பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பு கொஞ்சம் கொஞ்சமா கரையும். போன எலும்பு தானா திரும்பி வராது. இதுல மோசமான விஷயம், பெரும்பாலும் வலியே இருக்காது. வலிச்சிருந்தா அம்மா எப்பவோ டாக்டர்கிட்ட போயிருப்பாங்க. வலி இல்லாததாலதான் 'பிரஷ் குத்தியிருக்கும்'னு வருஷக்கணக்கா ஓட்டிட்டாங்க.

இதே லோ, அடுத்து வந்த இடம் நம்ம மனுஷங்க பக்கம். 1970-ல இலங்கை தேயிலைத் தோட்டத்துல வேலை பார்த்த 480 ஆண் தொழிலாளர்களோட வாயைப் பரிசோதிச்சார். முறையா பல் துலக்கும் பழக்கமே இல்லாதவங்க; பல் மருத்துவமும் கிடைக்காதவங்க. 1985 வரைக்கும் திரும்பத் திரும்பப் பார்த்தாங்க. அத்தனை பேர் பல்லுலயும் காறை, அத்தனை பேர் ஈறுலயும் வீக்கம். ஆனா, முடிவு ஒரே மாதிரி இல்லை. 11 சதவிகிதம் பேருக்கு நோய் ஈறு வீக்கத்தோட நின்னுடுச்சு. 81 சதவிகிதம் பேருக்கு மிதமான வேகத்துல எலும்பு கரைஞ்சுது. 8 சதவிகிதம் பேருக்கு மின்னல் வேகம். 45 வயசுக்குள்ள பல் அநேகமா எல்லாமே போயிடுச்சு. ஈறு நோயைப் படிக்கிற எந்த ஸ்டூடன்ட்டும் இன்னைக்கும் இந்த ஆய்வைத் தாண்டிப் போக முடியாது. 'எங்க தாத்தா பல்லே தேய்க்கலை, தொண்ணூறு வயசுல முறுக்கு கடிச்சார்'னு யாராவது சொன்னா, அவர் அந்த 11 சதவிகிதத்து ஆள்னு வெச்சுக்கங்க. நீங்க எந்த குரூப்புன்னு முன்கூட்டியே தெரியாது. அதான் பிரச்னை.

நம்ம ஊர்ல மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட 2022 அறிக்கைப்படி, தீவிரமான ஈறு நோய் இருக்கிறவங்க உலகம் முழுக்க 100 கோடிக்கும் மேல!

துணியையும் வெட்டும், ஈறையும் வெட்டும்!

இப்ப நம்ம ஹீரோ. ஹீரோன்னு விளம்பரத்துல சொல்றாங்க, பார்ப்போம்.

லேசருக்கு விதை போட்டது 1917-ல ஐன்ஸ்டைன். முதல் லேசரை 1960-ல அமெரிக்காவுல தியோடர் மைமன் எரிய வெச்சார். 1964-ல கார்பன் டை ஆக்ஸைடு லேசரைக் கண்டுபிடிச்சவர் நம்மாளு குமார் படேல். மகாராஷ்டிராவுல பாராமதியில பிறந்து, புனே இன்ஜினீயரிங் காலேஜ்ல படிச்சுட்டு அமெரிக்கா போனவர். 'இன்ஜினீயரிங் படிச்சு என்னத்தைக் கிழிச்சே?'ன்னு இனி யாராவது கேட்டா, இவர் பேரைச் சொல்லுங்க!

அப்பா வேலை பார்க்கிற யூனிட்ல, டி-ஷர்ட்ல ஒட்டுற டிசைன் துணியை வெட்ட ஒரு லேசர் மெஷின் இருக்கு. அதுவும் கார்பன் டை ஆக்ஸைடு லேசர்தான். வெட்டும்போது நூல் கருகுற வாசம் வரும். இதே வகை லேசரை வாய்க்குள்ள மென்மையான சதையை வெட்டவும் டாக்டர்கள் பயன்படுத்துறாங்க. பவரும் செட்டிங்கும்தான் வேற.

சூட்சுமம் அலைநீளத்துல இருக்கு. எந்த ஒளியை எந்தப் பொருள் உறிஞ்சுதோ, அதுதான் சூடாகும். நம்ம ஊர் க்ளினிக்குகள்ல பரவலா இருக்கிறது டயோடு லேசர். 800-லேர்ந்து 980 நானோமீட்டர் வரைக்கும் வரும். இதை ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினும், தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனினும் நல்லா உறிஞ்சும். அதனால ஈறை வெட்டும்போதே ரத்தம் உறைஞ்சுடும். 1064 நானோமீட்டர் என்.டி. யாக் லேசரை நூல் மாதிரி மெல்லிய கண்ணாடி இழை வழியா ஈறுப் பைக்குள்ள இறக்குவாங்க. அமெரிக்காவுல ராபர்ட் க்ரெக், டெல்வின் மெக்கார்த்தின்னு ரெண்டு பல் டாக்டர்கள் இதை வெச்சு உருவாக்கின ஒரு சிகிச்சை முறைக்கு, அந்த நாட்டு எஃப்.டி.ஏ. 2004-ல அனுமதி கொடுத்துச்சு. 2940 நானோமீட்டர் எர்பியம் லேசரைத் தண்ணி உறிஞ்சும். அது பல், எலும்பு மாதிரி கெட்டியான இடத்துலயும் வேலை செய்யும்.

அப்போ லேசர் டுபாக்கூரா? இல்லவே இல்லை. என் கிளாஸ்மேட் ஒருத்தனுக்குக் கடைவாய்ப் பல் மேல ஈறு மூடிக்கிட்டு, வாயைத் திறக்கவே முடியலை. டயோடு லேசர்ல அந்த மூடியை எடுத்தாங்க. தையல் இல்லை, மறுநாள் லேப்புக்கு வந்துட்டான். அதிகப்படியா வளர்ந்த ஈறைச் செதுக்க, உதட்டை இழுத்துப் பிடிக்கிற சதையை வெட்ட... இதுக்கெல்லாம் லேசர் நிஜமாவே செம டூல்.

ஆனா, எங்கம்மாவோட பிரச்னை பல் வேர்ல ஒட்டியிருக்கிற காறை. டயோடு லேசர் காறையை உடைச்சு எடுக்காது. கல்லை அப்படியே விட்டுட்டு மேல லைட் அடிச்சா, கிருமி கொஞ்சம் சாகும், மறுபடி அதே கல்லுல வந்து குடியேறும். கை தவறி அதிக நேரம் காட்டினா வேரும் எலும்பும் சூட்டுல பாதிக்கவும் செய்யலாம்.

ஆராய்ச்சி என்ன சொல்லுது? அமெரிக்க பல் மருத்துவச் சங்கம் 2015-ல ஒரு வழிகாட்டி வெளியிட்டுச்சு. முதல் சிகிச்சை, ஈறுக்கு மேலேயும் கீழேயும் காறையை எடுத்து, வேரைச் சுத்தம் பண்றதுதான்னு அதுல தெளிவா இருக்கு. ஒரு மருந்தைத் தடவி அதை டயோடு லேசரால தூண்டுற முறைக்கு மட்டும் லேசான ஆதரவு. மத்தபடி ஆபரேஷன் இல்லாத சிகிச்சையில லேசரைச் சேர்க்கிறதை அந்தக் குழு பரிந்துரைக்கலை. 2020-ல வந்த ஐரோப்பிய வழிகாட்டியும், இந்தச் சுத்தத்தோட துணைக்கு லேசர் வேண்டாம்னுதான் சொல்லுது. காரணம் சிம்பிள். சுத்தம் மட்டும் பண்ணினவங்களுக்கும், சுத்தத்தோட லேசரும் பண்ணினவங்களுக்கும் பெரிய வித்தியாசம்னு உறுதியாச் சொல்ற அளவுக்கு ஆதாரம் சேரலை.

162 நம்பர்!

ஒரு சீனியர் அக்கா சொல்லி, கோயம்புத்தூர் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு அம்மாவை அழைச்சுட்டுப் போனேன். அங்கே ஈறு சிகிச்சைக்குன்னே தனிப் பிரிவு. முதுகலை படிக்கிற டாக்டர்கள் பார்க்கிறாங்க. பேராசிரியர் வந்து சரிபார்க்கிறார். தனியார் க்ளினிக்கை ஒப்பிட்டா செலவு ரொம்பக் கம்மி. ஆனா, பொறுமையா உட்காரணும்.

அந்த டாக்டரம்மா செஞ்ச முதல் வேலை லேசரும் இல்லை, மருந்தும் இல்லை. அளவெடுத்தாங்க! மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறு ஓரமா வெச்சு, ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்துல ஆழம் பார்த்தாங்க. அம்மாவுக்கு இருக்கிறது 27 பல். மொத்தம் 162 நம்பர். ஒருத்தர் சொல்லச் சொல்ல, இன்னொருத்தர் எழுதினாங்க. "மூணு, நாலு, அஞ்சு... ஏழு." மூணு வரைக்கும் நார்மல். ஏழுன்னு கேட்டதும் அப்பா மெஷர்மென்ட் சார்ட் போடுறது ஞாபகம் வந்துச்சு. அளவு எடுக்காம கட்டிங் போட்டா துணி வேஸ்ட். முதல் ஆஸ்பத்திரியில யாரும் இந்த அளவை எடுக்கவே இல்லைன்னு அப்பதான் உறைச்சுது.

அடுத்து எக்ஸ்ரே. அடுத்து, "சுகர் டெஸ்ட் எடுத்திருக்கீங்களாக்கா?"

"எனக்கெல்லாம் சுகர் கிடையாதுங்க" அம்மா சொன்னாங்க. டெஸ்ட் எடுத்தா, மூணு மாச சராசரி 8.1. சுகர் இருக்கு! ஈறு பார்க்கப் போய் சர்க்கரை நோயைக் கண்டுபிடிச்ச கதை எங்களுது. சுகர் அதிகமா இருந்தா ஈறு நோய் வேகமெடுக்கும். ஈறுல புண் இருந்தா சுகர் கட்டுப்படாது. ரெண்டும் கைகோத்துக்கிட்டு நடக்கும். ஈறைச் சரிபண்ணினா அந்த மூணு மாச சராசரி கிட்டத்தட்ட 0.4 அளவுக்குக் குறையுதுன்னு, பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல வெளியான அலசல் சொல்லுது.

மரத்துப்போக ஊசி போட்டு, வாயை நாலு பாகமாப் பிரிச்சு, ஒவ்வொரு ஞாயிறும் லீவு கிடைக்காததால வாரநாள்ல ஒரு ஷிப்ட் விட்டுட்டு, நாலு தடவை போய் வந்தாங்க. காறை போனதும் பல்லுக்கு நடுவுல சந்து தெரிஞ்சது. "சுத்தம் பண்ணிப் பண்ணியே பல்லைத் தேச்சுப்புட்டாங்க"ன்னு அம்மா புலம்பினாங்க. நம்மள்ல நிறைய பேர் நினைக்கிறதும் இதுதான். பல் தேயலை, அங்கே இருந்தது பல்லே இல்லை, கல்லு. வீக்கம் வத்தினதால சந்து வெளியில தெரியுது, அவ்வளவுதான்.

மூணு மாசம் கழிச்சு மறுபடியும் அளவெடுத்தாங்க. நாலு, அஞ்செல்லாம் பெரும்பாலும் மூணுக்கு இறங்கியிருந்துச்சு. ஒரு கடைவாய்ப் பல்லுக்கு எலும்பே மிச்சம் இல்லை, அதை எடுத்துட்டாங்க. இன்னொரு இடத்துல ஏழு, ஆறாத்தான் ஆகியிருந்துச்சு. அங்கே மட்டும் ஈறை விலக்கித் திறந்து, உள்ளே சுத்தம் பண்ணித் தைச்சாங்க. "லேசர் பண்ண மாட்டீங்களா டாக்டர்?"னு நானே கேட்டேன். "எங்ககிட்ட இருக்கு. தேவைப்படுற இடத்துல எடுப்போம். உங்கம்மாவுக்குக் கண்ணால பார்த்து வேரைச் சுத்தம் பண்ணணும், அதுக்கு இதுதான் சரி"ன்னாங்க. எல்லாம் சேர்த்து, அந்த முப்பதாயிரத்துல கால்வாசிகூட ஆகலை. என் ஃபீஸும் கட்டியாச்சு.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க!

உங்க வீட்டுல யாருக்காவது 'லேசர் பண்ணணும்'னு சொன்னா, கூடப் போங்க. நம்ம அப்பா அம்மா டாக்டர்கிட்ட கேள்வி கேட்கத் தயங்குவாங்க. நீங்க பணிவா கேளுங்க:

* எந்தப் பல்லுல எத்தனை மில்லிமீட்டர் ஆழம்? அந்த சார்ட்டோட காப்பி கிடைக்குமா?

* எக்ஸ்ரேயில எலும்பு எவ்வளவு குறைஞ்சிருக்கு?

* காறை எடுத்து வேரைச் சுத்தம் பண்ற சிகிச்சை முடிஞ்சுதா? அது முடிஞ்சு மறுபடி அளவெடுத்தீங்களா?

* இது எந்த வகை லேசர்? இந்த இடத்துல அது என்ன கூடுதலா செய்யும்? லேசர் இல்லாம பண்ணினா என்ன வித்தியாசம்?

* சிகிச்சைக்குப் பிறகு எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை வரணும்?

நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். 'இன்னைக்கே கட்டினா டிஸ்கவுன்ட்'னு சொன்னா, ஒரு நாள் டைம் கேட்டுட்டு இன்னொரு டாக்டரையும் பாருங்க. இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிற வீடா இருந்தா, அதுல என்ன பல் சிகிச்சை கிடைக்கும்னும் விசாரிங்க. அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவு, பல் மருத்துவக் கல்லூரி ரெண்டையும் மறந்துடாதீங்க. லேசர் பண்றதுன்னு முடிவாச்சுன்னா, அந்த அறையில இருக்கிற எல்லாரும், படுத்திருக்கிறவங்க உட்பட, அதுக்கான கண்ணாடி போட்டிருக்கணும். இது கட்டாயம்.

ஹாஸ்டல்வாசிகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான். நைட் பிரஷ் பண்ணாம தூங்குறது, மூணு செமஸ்டரா ஒரே பிரஷ், ரத்தம் வருதுன்னு அந்த இடத்தை மட்டும் தேய்க்காம விடுறது... இதெல்லாம்தான் காறைக்கு வாடகை வாங்காம வீடு கொடுக்கிறது. ரத்தம் வர்ற இடத்தைத்தான் மென்மையா, இன்னும் நல்லா சுத்தம் பண்ணணும். பல்லிடுக்குக்குன்னு குட்டி பிரஷ் மெடிக்கல் ஷாப்ல கிடைக்குது. சிகரெட், புகையிலை பழக்கம் இருந்தா இன்னொரு ஆபத்து: ஈறு நோய் இருந்தாலும் ரத்தக்கசிவு குறைவாத்தான் தெரியும். எச்சரிக்கை மணியையே கழட்டி வெச்ச மாதிரி!

அம்மா இப்ப சுகர் மாத்திரை போடுறாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஈறைக் காட்டிட்டு வர்றாங்க. கம்பெனிக்குப் போகும்போது டிரிம்மரை மறக்காம இருக்க, அதுல ஒரு கயிறு கட்டிக் கழுத்துல மாட்டிவிட்டது நான். "மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி கட்டிவுட்டிருக்கான் பாருங்க"ன்னு பக்கத்து டேபிள் அக்காகிட்ட சொல்லிச் சிரிச்சாங்களாம். அந்த அக்காவுக்கும் ஈறுல ரத்தம் வருதாம். அடுத்த வாரம் அவங்களையும் கூட்டிட்டுப் போறாங்க அம்மா.

போன பல் போனதுதான், அது திரும்பாது. அந்த ரோஸ் கலரை ஆறு வருஷம் முன்னாடியே நான் கவனிச்சிருந்தா, காறை எடுக்கிற ஒரே ஒரு சிட்டிங்ல முடிஞ்சிருக்கும்.

நாளைக்குக் காலையில உங்க நுரையைப் பார்த்துட்டு, அப்படியே அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க. 'ஒண்ணும் இல்லை'ன்னுதான் சொல்வாங்க. நம்பாதீங்க!